மஞ்சள் பிசுக்கு

"வேணும்னே ஒரு கம்ப்யூட்டரைக் கெடுக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றபடியே கடைக்குள் நுழைந்தார் ஸ்டுடியோக்காரர்.

மெக்கானிக்கம்மா ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். பிஸ்கட் துகளும் நகத்துண்டும் யாருடையதோ தலைமுடியும் காகிதத்தில் கொட்டின. ஊராரின் விரல் பட்ட பொருள்களைத் திறந்து பார்ப்பதே பிழைப்பாகிவிட்டதில் மனிதர்கள் மேல் அவருக்கு மரியாதை கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. "முடியும். உட்காருங்க" என்றார்.

அவருடைய வீட்டுக்காரர் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். வருகிற மெஷினில் என்ன கோளாறு என்பதைவிட யார் குற்றவாளி என்பதில்தான் அந்த மனிதருக்கு அக்கறை. "யார் மேல சந்தேகம்?" என்று ஆவலாகக் கேட்டார்.

"சந்தேகம் என்ன சந்தேகம்! என் தம்பி பொண்டாட்டிதான்."

கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கும் ஸ்டுடியோ அது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து தொடங்கியது. தம்பி இறந்த பிறகு எடிட்டிங் நாற்காலியில் அவன் மனைவி உட்கார்ந்தாள். சில வாரங்களாக அவள் வேலையை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் திரையில் பச்சைப் பச்சையாகக் கட்டம் விழுகிறது. பிறகு திரை கறுத்து, மெஷின் தானாக அணைந்து திரும்ப எழுகிறது. செய்த வேலை அத்தனையும் பாழ்.

"அவ உட்கார்ந்தாதான் இப்படி. என் மாப்பிள்ளை எல்லார் முன்னாடியும் உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார். ஒரு சிணுக்கம் இல்ல. தனியாக் கடை போடத் திட்டம் போடுறா. போறவ சும்மா போகாம என் பேரையும் கெடுக்கிறா. ஆளுங்களை எல்லாம் நிக்க வச்சு அவ முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் சாவியை வாங்கிட்டு அனுப்பிடுவேன். நீங்க ஒரு தடவை பார்த்து, அவ வேலைதான்னு சொல்லிட்டா எனக்கும் மனசு நிம்மதியா இருக்கும்."

தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு, பிறகு சாட்சிக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார். மெக்கானிக்கம்மா கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தார். பாகங்களை மாட்டிப் பார்க்கும் சோதனை மெஷினை வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டார்.

ஸ்டுடியோவில் கேமராக்காரரும் ஆல்பம் ஒட்டும் பெண்ணும் வெளியறையில் இருந்தார்கள். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவே பயந்தார்கள். உள்ளே, எடிட்டிங் மேசை முன்னால் தம்பி மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. மாப்பிள்ளை கதவருகே சாய்ந்து நின்று புதினா மிட்டாய் ஒன்றை வாயில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"டிரைவரை மாத்திப் பார்த்தியாம்மா?" என்று மெக்கானிக்கம்மா கேட்டார். கம்ப்யூட்டர் சொல்வதை, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியவைக்கும் மென்பொருள்தான் டிரைவர். திரை கறுத்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழும்.

"புதுசு போட்டேன். அதைச் சுத்தமா நீக்கிட்டுப் பழசு போட்டேன். எதைப் போட்டாலும் இதே கதைதான். மாசா மாசம் மூடியைத் திறந்து தூசி ஊதுறேன். வேற என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

"சின்ன அத்தைக்குக் கை ராசி அப்படி" என்று மாப்பிள்ளை சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"கனமான வேலையா ஒண்ணு ஓட்டும்மா."

அவள் ஓட்டினாள். கார்டின் விசிறி இரைந்தது. பச்சைக் கட்டங்கள் விழுந்தன. திரை கறுத்தது. "பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்றார் ஸ்டுடியோக்காரர், ஏதோ ஜெயித்துவிட்டது போல.

மெக்கானிக்கம்மா மெஷினை அணைத்துவிட்டு, மேசைக்குப் பின்னால் குனிந்து விளக்கடித்துப் பார்த்தார். தரையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் மூடி கிடந்தது. அதை எடுத்து மேசை மேல் வைத்தார். பிறகு பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே லேசான சாம்பல் நிறத் தூசி, ஊதினால் பறந்துவிட்டது. கடைசியாகக் கிராபிக்ஸ் கார்டை உருவி எடுத்தார்.

வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அய்யய்ய! சிகரெட் வாடை!"

"எங்க குடும்பத்துல அந்தக் கருமத்தைத் தொட்டவனே கிடையாது. ஸ்டுடியோவுல எவனாவது பிடிச்சா அன்னைக்கே வெளியே தள்ளிடுவேன்" என்று ஸ்டுடியோக்காரர் சீறினார்.

கார்டின் மேல்பக்கம் பளபளவென்று துடைத்திருந்தது. அதைத் திருப்பி விசிறி இதழ்களுக்கு அடியில் பஞ்சுக் குச்சியை விட்டு இழுத்தார். மஞ்சளும் பழுப்புமாக, மூக்குச் சளி போல் நூல் விட்டுக்கொண்டு, தூசியையும் முடியையும் சேர்த்துப் பிசைந்த பிசுக்கு வந்தது. எத்தனை காலத்துப் புகையோ உள்ளே படிந்து, சூட்டில் வெந்து, வெப்பத் தகடுகளை அடைத்து நின்றது. தம்பி மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மெக்கானிக்கம்மாவின் முகமும் சுருங்கியது, ஆனால் குச்சியைத் தூர எறியாமல் ஒரு வெள்ளைத் தாளில் வைத்து எல்லாரும் பார்க்கும்படி நீட்டினார்.

பையிலிருந்து தன்னுடைய கார்டு ஒன்றைப் பொருத்தி அதே வேலையை ஓட்டச் சொன்னார். கடைசி வரை நிற்காமல் ஓடியது. பிசுக்குக் கார்டைச் சோதனை மெஷினில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் பச்சைக் கட்டம், கறுப்புத் திரை.

"கார்டுதான் கெட்டது. அப்ப இந்தப் பொண்ணுதான் வேணும்னே புகையை ஊதி..." என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்க" என்ற மெக்கானிக்கம்மா ஸ்டுடியோக்காரர் பக்கம் திரும்பினார். "இந்தக் கார்டை எப்ப வாங்கினீங்க?"

"ஒரே மாதிரி ரெண்டு வாங்கினேன். ஒண்ணு ஸ்டுடியோவுக்கு. ஒண்ணு மாப்பிள்ளைக்கு, வீட்டுல கேம் விளையாட."

சொல்லி முடித்ததும் அவருக்கே என்னவோ உறைத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"பெட்டி முழுக்கக் காய்ஞ்ச தூசி. கார்டுல மட்டும் பிசுக்கு" என்றார் மெக்கானிக்கம்மா. "புகை இந்த ரூமுக்குள்ள வந்திருந்தா எல்லாத்துலயும்தான் படியும். கார்டை மட்டும் தேடிப் பிடிச்சு ஒட்டாது. இது புகை மண்டின வேற ஒரு ரூம்ல வேற ஒரு மெஷின்ல கிடந்த கார்டு. சூடு தாங்காம செத்துப்போச்சு. யாரோ மேலாகத் துடைச்சு இங்க மாட்டிட்டு, இங்க இருந்த நல்ல கார்டைக் கொண்டுபோயிட்டாங்க. பேரும் உருவமும் ஒண்ணா இருக்கிறதால யாருக்கும் தெரியல."

"யாரு வேணா மாட்டியிருக்கலாமே" என்றான் மாப்பிள்ளை. மிட்டாய் பல்லில் நொறுங்கியது.

"மாட்டலாம். ஆனா இந்த மூடி ஒருத்தரைத்தான் காட்டுது." அவர் ரப்பர் மூடியைத் தொட்டார். "மானிட்டர் வயரைச் சொருக ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு கார்டுல. இன்னொண்ணு மெயின் போர்டுல. போர்டுல இருக்கிறது வாங்கின நாள்ல இருந்து மூடி போட்டுத்தான் கிடந்திருக்கு. அதைப் பிடுங்கிட்டு வயரை அங்க மாத்திச் சொருகி, லேசான வேலை ஒண்ணை ஓட்டினா, கெட்ட கார்டுக்குப் பாரமே போகாது. மெஷின் சமத்தா ஓடும். அப்புறம் வயரைப் பழையபடி கார்டுலயே சொருகிடலாம். எல்லார் முன்னாடியும் அப்படி ஓட்டிக் காட்டினது யாரு? கார்டு செத்தது தெரியாதவன் அந்த வயரைத் தொடவே மாட்டான்."

மெக்கானிக்கம்மா மாப்பிள்ளையை நேராகப் பார்த்தார்.

"தம்பி, உங்க வீட்டு மெஷினை இப்பவே கொண்டு வரச் சொல்லலாமா? அதுல இருக்கிற கார்டு, உங்க சின்ன அத்தை மாசா மாசம் ஊதி வச்ச கார்டு. சுத்தமா இருக்கும்."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். "புதுசு வாங்கி மாத்திடலாம்னுதான் இருந்தேன் மாமா" என்றான். தன்னால் ஒருத்தி எல்லார் முன்னாலும் கூனிக் குறுகி நின்றாளே என்பதைப் பற்றி அவன் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. தாளில் கிடந்த பிசுக்கே தேவலை என்று வீட்டுக்காரருக்குத் தோன்றியது.

அதைவிடக் கேவலம் அடுத்து வந்தது. ஸ்டுடியோக்காரர் மருமகனை ஒரு சொல் கேட்கவில்லை. மெக்கானிக்கம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். "டிரைவர் கோளாறுன்னு சொல்லிடுங்கம்மா. என் பொண்ணு வாழ்க்கை. மாப்பிள்ளை மானம் போயிடக் கூடாது." பிறகு தம்பி மனைவியிடம், பெரிய மனசு பண்ணுகிறவர் போல, "நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"கார்டுக் கோளாறைக் கார்டுக் கோளாறுன்னுதான் சொல்லுவேன்" என்றார் மெக்கானிக்கம்மா.

தம்பி மனைவி எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள். "ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றாள். கேமராக்காரரும் ஆல்பம் பெண்ணும் தயங்கித் தயங்கி வந்து நின்றார்கள்.

"அன்னைக்கு இவங்களை நிக்க வச்சுத்தானே சொன்னீங்க அத்தான். இன்னைக்கும் சொல்லுங்க."

ஸ்டுடியோக்காரர் கேமராக்காரர் பக்கம் திரும்பினார். "தப்பு... அவ மேல இல்ல" என்றார்.

"யார் மேல?"

அவள் காத்திருந்தாள். அவர் தரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மருமகனை மட்டும் பார்க்கவில்லை. அவள் மேசை இழுப்பறையிலிருந்து தன் புருஷனின் படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, சாவிக்கொத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இப்ப எங்க போற? அதான் தப்பில்லைன்னு சொல்லிட்டேனே! வர்ற வேலையெல்லாம் யாரு முடிக்கிறது?"

"மாப்பிள்ளையை உட்கார வைங்க அத்தான். எனக்கு இந்த ரூம்ல மூச்சு முட்டுது."

அவள் வெளியேறினாள். ஆல்பம் பெண் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அவள் பின்னாலேயே நடந்தாள். கேமராக்காரரும் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி மேசை மேல் வைத்தார்.