தூண்டாத ஐந்து சைகைகள்

காலை ஏழு மணிக்கு நிலாக் குடியிருப்பில் எல்லோர் காதிலும் செவிச்சொல்லி விழித்துக்கொள்ளும். மனைவியிடம் என்ன சொல்வது, மேலதிகாரியிடம் எப்படிக் குழைவது என்று அரிசி அளவுக் கருவி முணுமுணுக்கும். மனிதர்கள் வாயைத் திறந்தால் போதும். அங்கே நாற்பது ஆண்டுகளாக யாரும் சொல் கிடைக்காமல் தடுமாறியதில்லை.

ஸ்டெல்லாவின் மகள் ஜெசிக்கு ஆறு வயது, டவுன் சிண்ட்ரோம். பேச்சு வரவில்லை, கையால் சைகை செய்வாள். பேசாதவர்களுக்குச் செவிச்சொல்லி கிடையாது. இன்று அவளுக்குத் தேர்வு. நண்பகலுக்குள், யாரும் தூண்டாமல், தானாக ஐந்து சைகைகள் செய்ய வேண்டும். தவறினால் சைகை வகுப்பு போய்விடும். மணிக்கட்டில் சொல்வளை ஏறும். அவள் நினைக்கக்கூடியதை அதுவே ஊகித்துப் பேசும். போன மாதம் ஒரு பையனுக்கு மாட்டினார்கள். இப்போது நாள் முழுக்க நன்றி சொல்கிறான், கையை அசைப்பதே இல்லை.

ஆய்வி என்ற எந்திரம் வந்து மூலையில் உட்கார்ந்தது.

ஸ்டெல்லா பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்துப் புருவத்தை உயர்த்தினாள். ஜெசி விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள்.

"தூண்டப்பட்டது," என்றது ஆய்வி.

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"புருவம் சொன்னது."

"பாப்பா, தண்ணி எப்படிக் கேப்ப? அப்பாவுக்குக் காட்டு," என்றான் அந்தோணிராஜ்.

"தூண்டப்பட்டது."

"கொஞ்சம் சும்மா இருங்களேன்," என்றாள் ஸ்டெல்லா.

"நீ மட்டும் புருவத்த ஆட்டலாமாக்கும்?"

பதினொன்றரை ஆயிற்று. இன்னும் ஒன்றுகூட இல்லை. பொறுக்காமல் அந்தோணிராஜ் மகளின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினான். ஜெசி உதறிவிட்டு, இரு உள்ளங்கைகளையும் அவன் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"போதும் என்கிறாள். தானாக. ஒன்று," என்றது ஆய்வி.

"அப்படித்தான், என் கண்ணு," என்றாள் ஸ்டெல்லா. ஜெசி அவள் பக்கமும் கைகளை விரித்தாள்: போதும். இரண்டு. அந்தோணிராஜ் மறுபடி வாயைத் திறந்தான். மூன்று. பிறகு ஜெசி ஆய்வியைப் பார்த்து வாசல் பக்கம் கையை வீசினாள்: போ. நான்கு. அது எழுந்திருக்கவில்லை. இன்னும் வேகமாக வீசினாள்.

"ஐந்து. தேர்ச்சி," என்றது ஆய்வி. "படிவத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது. வீட்டில் தானாகப் பேசும் மற்றவர்கள் யார்? காலையிலிருந்து நீங்கள் இருவரும் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் செவிச்சொல்லி தந்தது."

"சண்டை போட்டது கூடவா?" என்றான் அந்தோணிராஜ்.

"அதுவும். இந்தக் கேள்வியும். புருவம் மட்டும் உங்கள் மனைவியுடையது. நாளை முதல் இருவரும் ஜெசியோடு வகுப்புக்கு வாருங்கள்."

ஸ்டெல்லா காதைத் தொட்டுக்கொண்டு, செவிச்சொல்லி முணுமுணுக்கும்வரை காத்திருந்தாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள்.

ஆய்வி அதையும் குறித்துக்கொண்டது. ஜெசி டப்பாவைத் திறந்து இரண்டு பிஸ்கட் எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை.