தூளியின் கனம்

தூளி நேற்றைவிடத் தாழ்ந்திருந்தது.

பாண்டிசெல்வி தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். உத்திரத்துக் கொக்கியில் ஸ்பிரிங்கை மாட்டி அவளுடைய பழைய சேலையைப் புருஷன் காளிராஜ் கட்டிக்கொடுத்தபோது அடியில் விளக்குமாறு விட்டுப் பெருக்க முடிந்தது. இன்று சேலையின் மடிப்பு சிமெண்டுத் தரையை உரசி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் யாரோ உறங்கிக்கொண்டே மூச்சிழுப்பதுபோல் சத்தம் எழுப்பியது. உள்ளே கிடக்கும் பிள்ளையோ இளைத்துக்கொண்டே போகிறான். காலையில் எடை பார்த்த நர்ஸ் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்படியே எறங்குனா தாங்கமாட்டாம்மா" என்றாள்.

பாலுக்குக் குறைவில்லை. பிள்ளை அழுதால்தான் மார்பு கூசிப் பால் இறங்கும் என்பார்கள். அவளுக்கு அவன் தூங்கும்போதே இறங்கியது. புறவாசல் படியைத் தாண்டினால் போதும், ரவிக்கை நனைந்துவிடும். காது கேட்காத ஏதோ ஓர் அழுகையை மார்பு கேட்டுவிடுகிறது என்று ஒருநாள் தோன்றியது. அதன்பிறகு அவள் புறவாசல் பக்கம் தனியாகப் போவதில்லை.

"மதினி, டப்பாப் பால் குடுத்துப் பாப்பமா?"

அரிசி களைந்துகொண்டிருந்த ஈஸ்வரி நிமிர்ந்தாள். காளிராஜின் அக்கா. கட்டியவன் விட்டுப்போன பிறகு இங்கேதான் இருக்கிறாள்.

"ரவிக்கை தொப்பலா நனையுது, மகாராணிக்கு டப்பா கேக்குதோ? அழகு கொறஞ்சிருமாக்கும்?"

"பிள்ள எளச்சிக்கிட்டே போறான்லா."

"குடிக்கிறது குடிச்சிக்கிட்டுத்தான இருக்கு? நிறுத்திராத ஏட்டி. நிறுத்திராத."

இரண்டாவது தடவை சொன்னபோது அது அதட்டலாக இல்லை. கெஞ்சலாக இருந்தது.

மில்லில் இருந்த காளிராஜுக்குப் போன் போட்டாள். பின்னால் நூற்பு மெஷின்கள் இரைந்தன. "அக்கா பிள்ள பெத்தவ. அவ சொன்னாக் கேளு" என்று வைத்துவிட்டான். பெத்தவள்தான். ஒரு மாதம்கூடத் தங்காத பிள்ளை. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

திருவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த நாட்களில், தையல் வலியைப் பொறுத்துக்கொண்டு அவள் டம்ளரில் பீச்சிய சீம்பாலை, மஞ்சள் நிறத்தில் தேன்போல் திரண்டிருந்த பாலை, மூடிபோட்டு வாங்கிப் போனவளும் ஈஸ்வரிதான். குழந்தைகள் வார்டில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, சோறாக்க ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிப் போவாள். அந்த நன்றிக்காகவே செல்வி அவள் பேச்சைத் தட்டியதில்லை.

இந்தத் தடவை தட்டினாள்.

மார்பில் பால் இருக்கும்வரை பிள்ளை டப்பாப் பாலைத் துப்பினான். வற்றவைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி மல்லிகைப்பூ. மாரில் வைத்து இறுக்கிக் கட்டினால் பால் வற்றிவிடும். ஈஸ்வரி ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். துவைகல்லை ஒட்டியிருந்த மல்லிகைச் செடி, பருவம் முடிந்தும் கிளை தெரியாமல் பூத்திருந்தது. பூவில் மல்லிகை வாசம் இல்லை. பச்சைப்பிள்ளையின் வாய்க் கவுச்சி. பறிக்கக் குனிந்தபோது பால் சேலையைத் தாண்டிச் சொட்டியது. மண்ணில் ஈரம் தங்கவில்லை.

யாருக்கும் தெரியாமல் கட்டிக்கொண்டாள். மார்பு கல்லாகக் கனத்தது, காய்ச்சல் அடித்தது, பிறகு மெல்லத் தளர்ந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் சங்கில் டப்பாப் பால் புகட்டினாள். குடித்தான். கன்னத்தில் சதை பிடித்தது. அவள் பலநாள் கழித்துச் சிரித்தாள்.

ஆனால் தூளி தரையில் உட்கார்ந்துவிட்டது.

அன்று அந்தியில் கரண்ட் போனது. பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, அடுக்களையில் சங்கைக் கழுவினாள். விளக்கோடு வந்த ஈஸ்வரி, அவள் ரவிக்கைக்குள்ளிருந்து உதிர்ந்து கிடந்த வாடிய பூவைப் பார்த்தாள்.

"எந்தச் செடியில பறிச்ச?"

செல்வி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பால் வத்திருச்சா?" ஈஸ்வரியின் குரல் உடைந்தது. "அடிப் பாவி. அது பசியோட கிடக்கும்லா."

"எது மதினி?"

"எம் பிள்ள." புறவாசல் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தச் செடி மூட்டுலதான் பொதச்சு வச்சோம். நீ பீச்சிக் குடுத்த சீம்பால அங்கதான் ஊத்துனேன். உம் பிள்ளைக்குப் பெத்தவ இருக்கா, நர்சுமாரு இருக்காவ. எம் பிள்ளைக்கு யாரு இருக்கா? பால் ஊறலன்னு வார்டுல சொல்லிட்டேன். செத்த நேரத்துல மண்ணு காஞ்சிருச்சு ஏட்டி. ஒரு எறும்பு வரல."

"மதினி..."

"ருசி கண்ட பிள்ள விடுமா? நீ வீட்டுக்கு வந்த அன்னைக்கே உள்ள வந்திருச்சு. உங்கிட்டயே குடிச்சிக்கிட்டுக் கிடந்துச்சு. இப்ப நீ நிறுத்திட்ட. இனி அது யாருகிட்டக் குடிக்கும்?"

முன்னறையில் ஸ்பிரிங் முனகியது.

செல்வி ஓடினாள்.

இருட்டு. கவுச்சி வாசம். ஒரு சத்தம். நிதானமாக. ஈரமாக. சப்பி, விழுங்கி, மூச்சு வாங்கி, மறுபடி சப்பி.

பிள்ளை அழவில்லை.

கை நீண்டது. சேலையைத் தொடவில்லை. தொட முடியவில்லை. பின்னால் வந்த ஈஸ்வரி விளக்கை உயர்த்தினாள்.

மெல்லிய சேலைக்குள் இரண்டு தலைகள் ஒட்டிக் கிடந்தன. ஒன்று அசையவில்லை. அதன் கழுத்தோரம் முகம் புதைத்து, மற்றது குடித்துக்கொண்டிருந்தது.

ஈஸ்வரி விளக்கைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்து, புரையேறிவிடாதபடி, தூளியை மெதுவாக ஆட்டத் தொடங்கினாள்.