டேஷ்போர்டுக்குக் கீழே

ஏசி குளுகுளுவென்று வருவதாக மனைவி காருக்குள்ளிருந்து சொன்னபோது மெக்கானிக் சிரித்துவிட்டான்.

அந்தப் பழைய காருக்குப் பிறவியில் ஏசியே கிடையாது. பிற்பாடு யாரோ டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டியைத் தொங்கவிட்டு, இஞ்சின் பக்கம் கம்ப்ரசரைப் பெல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தக் கம்ப்ரசர் இப்போது அவனுக்கெதிரே மேசைமேல் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. பேட்டரியோ சுவரோரம் சார்ஜில் இருந்தது. பெட்டியில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று காரைக் கொண்டுவந்து விட்டவர் சொல்லியிருந்தார். ஏன் என்றதற்குப் பேச்சை மாற்றினார். பழைய வண்டிப் பைத்தியங்களுக்கு இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும் என்று அவனும் விட்டுவிட்டான்.

பின்சீட்டுக்குத் தோலுறை தைப்பது அவள் வேலை. கல்யாணமான நாள்முதல் அவன் தகரம் தட்ட, அவள் உறை தைக்க, ஒரே கொட்டகையில் சண்டையும் சமாதானமுமாக ஓடுகிற பிழைப்பு. அவள் இல்லாமல் அவனுக்கு ஒரு டீ கூட இறங்காது.

"வெயில்ல மூளை உருகிடுச்சா உனக்கு?"

"நிஜமாங்க. ஈரத்துணி வாடைதான் கொஞ்சம் அடிக்குது."

கேலி செய்கிறாள் என்றே நினைத்தான். காலையில்தான் கதவுகளுக்குப் புது ரப்பர் ஒட்டியிருந்தான். அது சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து அறைந்து சாத்துவான், இழுத்தால் வரக்கூடாது. அவளை உள்ளே அப்படியே இருக்கச் சொல்லி, கண்ணாடிகளை ஏற்றி, கதவைச் சாத்தி இழுத்தான். காகிதம் அசையவில்லை. அவனுக்குத் தன் வேலையின்மேல் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

பிறகு காகிதம் மெல்ல உள்ளே போகத் தொடங்கியது.

அவள்தான் விளையாடுகிறாள் என்று கண்ணாடிவழி எட்டிப் பார்த்தான். அவளுடைய ஒரு கையில் ஊசி. மறு கையில் தோல். தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

கைப்பிடியைத் திருகினான். கதவு வரவில்லை. மறுபக்கம் ஓடினான், அதுவும் வரவில்லை. உள்ளே கண்ணாடியில் பனி படிந்தது, கலைந்தது, மறுபடி படிந்தது. கதவில் ஊன்றிய அவன் உள்ளங்கைக்குக் கீழே தகரம் உப்பி உப்பித் தணிந்தது, தூங்குகிறவரின் நெஞ்சு மாதிரி.

பனி கலைந்தபோது அவள் கதவை உதைத்துக்கொண்டிருந்தாள். வாய் பெரிதாகத் திறந்திருந்தது. சத்தம் துளியும் வெளியே வரவில்லை, அவ்வளவு கச்சிதமாக ஒட்டியிருந்தான் பாவி.

சுத்தியலை எடுத்தான். அடித்தான். கண்ணாடி கணீரென்றது. கீறல்கூட இல்லை. மறுபடி அடித்தான். கை மரத்துப்போயிற்று.

பனி படிந்தது.

"வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யாருக்குக் கேட்கும்?

பனி கலைந்தது. அவள் உதைக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் வருகிறவருக்கு இடம் விடுவதுபோல ஓரமாக நகர்ந்துகொண்டிருந்தாள். அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

அவளுக்கு அருகே புதுத்தோல் மெல்ல அமுங்கியது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு.

அவள் தலை சாய்ந்தது. வெறும் காற்றில், ஒரு தோள் இருக்கும் உயரத்தில், அப்படியே நின்றது.