இது உங்க வீடுதான்

மேல் வரிசைத் தொட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அராசேலி இன்னும் தண்ணீரே ஊற்றவில்லை.

வாளியைக் கையில் பிடித்தபடி அவள் முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வெள்ளைச் சுவர் முழுக்க நீலத் தொட்டிகள், தொட்டி கொள்ளாமல் ஜெரேனியம் பூக்கள். கூரையை ஒட்டிய அந்த மேல் வரிசைக்கு ஏணி எட்டாது. ஆளைப்போல இரண்டு மடங்கு நீளமான நாணல் கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி, தண்ணீர் மொண்டு, கை நடுங்காமல் தூக்கி, ஒவ்வொரு தொட்டியாகச் சரிக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுபோகும் வேலை. இந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. கழி எப்போதும் சாய்ந்திருக்கும் மூலையில்தான் சாய்ந்திருந்தது. டப்பாவின் விளிம்பில் மட்டும் ஒரு துளி திரண்டு, நீண்டு, விழுந்தது.

மே மாதம் பிறந்துவிட்டால் கோர்தோபா நகரத்தில் இந்த வீதிக்காரர்களுக்குத் தங்கள் வீடு தங்களுடையது இல்லை. முற்றத் திருவிழா. காலை முழுக்கக் கதவு திறந்து கிடக்கும். ஊர் உலகமெல்லாம் வரிசையில் நின்று உள்ளே வந்து, பூவை முகர்ந்து, படம் எடுத்துக்கொண்டு போகும். மாடி ஜன்னலிலிருந்து அராசேலியின் மகள் அசாரா ஒருவர் விடாமல் கையசைப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு வீதியே பாய்த்திரைகளை இறக்கிக்கொண்டு உறங்கும். சாயங்காலம் மறுபடி திறப்பு, மறுபடி கூட்டம். அராசேலிக்கு இதில் கால்வலியும் உண்டு, பெருமையும் உண்டு. இந்த முற்றத்தை அவள் பிள்ளை மாதிரி வளர்த்திருந்தாள்.

சமையலறையில் அவள் கணவன் இசித்ரோ நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தான். தக்காளிக் கூழ் குடித்த கிண்ணத்தைச் சுற்றி ஓர் ஈ பறந்துகொண்டிருந்தது.

"இசித்ரோ, மேல் வரிசைக்கு நீயா தண்ணி ஊத்தின?"

அவன் கண்ணைத் திறக்காமலேயே சிரித்தான். "நானா? போன வருஷம் நான் ஊத்தினதுல பாதித் தண்ணி ஒரு ஜெர்மன்காரன் தலையில. நீதானே ஊத்தின? பாத்தேனே."

"எப்ப?"

"இப்பதான். கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. ஆமா, இந்த வெயில்ல எதுக்குக் கறுப்புப் பாவாடை? யாரு செத்துட்டா?"

அராசேலி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் போட்டிருந்தது மஞ்சள் கவுன்.

"விளையாடாத. யாரோ உள்ள இருக்காங்கன்னு நினைக்கறேன்."

"கதவ நீதானே பூட்டின? சாயங்காலம் மறுபடி திறக்கணும். போய்ப் படு, போ." அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். மூச்சு உடனே சீராகிவிட்டது.

அவள் முற்றத்துக்குத் திரும்பி வந்தாள். வெயில் நேர்மேலே நின்றது, நிழல் சுவரோரத்தில் ஒரு விரற்கடைதான் மிச்சமிருந்தது, மல்லிகையின் வாசனை சூட்டில் புளித்து மூக்கை அடைத்தது, அதற்கும் அடியில் இன்னொரு வாடை மெல்ல வந்துகொண்டிருந்தது: நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையில் நனைந்த சுண்ணாம்பின் வாடை. அது மாடிப்படிக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள மொட்டைச் சுவரிலிருந்து வந்தது. அந்த ஒரு சுவரில் மட்டும் அவள் தொட்டி மாட்டுவதில்லை. எதை வைத்தாலும் வாடிவிடும். ஒரு காலத்தில் இந்த வீட்டில் அறைக்கு ஒரு குடும்பம் குடியிருந்ததாம். அவர்களில் யாரோ அங்கே தொட்டி வைத்திருந்ததற்குச் சாட்சியாகப் பழைய ஆணிகள் மட்டும் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கட்டி கட்டியாகப் புடைத்திருந்தன.

இப்போது ஒவ்வொரு புடைப்புக்கும் கீழே தண்ணீர் வழிந்திருந்தது. ஒன்று தவறாமல். இல்லாத தொட்டிகளுக்கு யாரோ பொறுமையாக ஊற்றியிருந்தார்கள்.

அப்போதுதான் அராசேலிக்குக் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது.

கூட்டம் குறைந்திருந்த சமயம். அவள் வாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ரேழியில் யாரோ வந்து நின்றார்கள். மற்றவர்கள் எல்லாம் கேட்காமலேயே நுழைகிறவர்கள். இந்த ஒருத்தி மட்டும் இரும்புக் கிராதிக்கு அப்பாலேயே நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஓரக்கண்ணில் ஒரு கறுப்புப் பாவாடையின் கரை தெரிந்தது, அதிலிருந்து தரையில் சொட்டிய ஈரமும் தெரிந்தது. அராசேலி நிமிரவில்லை. இந்த ஊரில் வாசலில் நிற்பவரிடம் எல்லா வாயும் சொல்லுவதை அவள் வாயும் சொன்னது.

"உள்ள வாங்க, வாங்க. இது உங்க வீடுதான்."

பாவாடை கிராதியைத் தாண்டி உள்ளே வந்தது. வெளியே போனதை அவள் பார்க்கவில்லை.

மாடியில் பலகை முனகியது.

அசாரா! அவள் வாளியைப் போட்டுவிட்டுப் படியேறினாள். படிகள் ஈரமாக இருந்தன. அறையில் பாய்த்திரையின் இடுக்குகள் வழியே வெயில் கோடு கோடாகக் கட்டிலில் விழுந்திருந்தது, குழந்தை ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், அறையில் வேறு யாரும் இல்லை, கட்டிலுக்கடியிலும் இல்லை, அலமாரியிலும் இல்லை. அராசேலி மகளின் தலையைத் தொட்டாள். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

விரித்த முடியோடு படுத்த குழந்தைக்கு இப்போது பின்னல் போட்டிருந்தது. தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கமாக இரட்டைப் பின்னல், காதுக்கு மேல் சுற்றிச் செருகியிருந்தது. இப்போது யாரும் போடாத பின்னல். சொட்டச் சொட்ட ஈரம்.

"அம்மா, மறுபடியுமா?" அசாரா தூக்கத்தில் சிணுங்கினாள். "வலிக்குது. அப்பவே சொன்னேன்ல. உன் கை வேற ஐஸ் மாதிரி இருக்கு."

"நான் வரலடா செல்லம். அம்மா இப்பதான் வரேன்."

"வந்தியே. பாட்டுகூடப் பாடினியே." குழந்தை போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அராசேலி ஜன்னலுக்கு ஓடிப் பாய்த்திரையைத் தூக்கினாள். வீதி கையை நீட்டினால் எதிர்ச் சுவரைத் தொட்டுவிடும் அகலம். எதிர் ஜன்னலில் கந்தேலா விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். இந்த வீதியில் பிறந்து, இந்த வீதியிலேயே கிழவியாகி, மதியம் தூங்கினால் ஏதாவது தவறிப்போகும் என்று தூங்காமலிருப்பவள்.

"கந்தேலா! காலையில ஒருத்தி உள்ள வந்தா. வெளிய போகல. குழந்தைக்குப் பின்னல் போட்டிருக்கா."

"யாருடி அவ?"

"தெரியல. நான் முகத்தைப் பாக்கல."

விசிறி நின்றது. "முகத்தைப் பாக்காமலா வான்னு கூப்பிட்ட?"

"இது உங்க வீடுதான்னும் சொன்னேன். எல்லாரும் சொல்றதுதானே!"

"எல்லாரும் சொல்றதுதான். எங்கம்மா மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லுவா." கந்தேலா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்கற உலகம்டி இது. சரி, பயப்படாத. துடைப்பத்தத் தலைகீழா, பெருக்கற பக்கம் மேல வர்ற மாதிரி, வாசக்கதவுக்குப் பின்னாடி நிறுத்து. வீட்டுல விருந்தாளி யாரோ அவங்க தானா எழுந்து போயிடுவாங்க. என் வீட்டுக்காரரோட அக்காவ அப்படித்தான் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கிளப்பினேன். ஒரு தடவகூடத் தப்பினதில்ல."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே ஓடுவது? எதற்கு ஓடுவது? இது அவள் வீடு. போக வேண்டியது வந்தவள். பயத்துக்கு மேல் கோபம் வந்தது, அந்தக் கோபம்தான் அவளைப் படியிறக்கிற்று.

சமையலறை மூலையிலிருந்து துடைப்பத்தை எடுத்தாள். முற்றத்தைக் கடக்கும்போது பின்னால் தகர டப்பா சுவரில் உரசும் சத்தம் கேட்டது, நிதானமாக, ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு நகர்வதுபோல. அவள் திரும்பவில்லை. திரும்பினால் கால் நின்றுவிடும் என்று தெரியும். ரேழியைத் தாண்டி, வாசலின் கனத்த மரக்கதவுக்குப் பின்னால் துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தினாள். நழுவியது. மறுபடி நிறுத்தினாள். நின்றது.

"போயிடு," என்றாள். "என் வீட்ட விட்டுப் போயிடு."

உரசல் நின்றது. சொட்டும் சத்தமும் நின்றது. ஈயின் ரீங்காரம்கூட இல்லை. கந்தேலா வாழ்க என்று நினைத்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

குழந்தையைப் பார்க்க வேண்டும். முதலில் அதுதான். முற்றத்துக்குள் காலை வைத்தவள் தயங்கினாள். ஏனோ கூச்சமாக இருந்தது. தூங்குகிற வீட்டுக்குள் இப்படி நடமாடலாமா? அவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே.

யாருக்கு?

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனாள். டம்ளர் எந்த அலமாரியில் என்று தெரியவில்லை. இது இல்லை. அதுவும் இல்லை. மூன்றாவதைத் திறந்தாள். தட்டு ஒன்று சத்தமாக இடித்தது.

இசித்ரோ விழித்துக்கொண்டான். அவளைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து சட்டையைச் சரிசெய்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் வரிசையில் வருகிறவர்களுக்கு அவன் சிரிக்கும் சிரிப்பு.

"மன்னிச்சுக்கங்க," என்றான். "இப்ப மூடியிருக்கோம். சாயங்காலம் வாங்க."

"இசித்ரோ?"

"பூவெல்லாம் எங்கயும் ஓடிடாது." மரியாதையாக அவள் முழங்கையைத் தொட்டு வாசல் பக்கம் திருப்பினான். "பாத்து வாங்க. தரை ஈரமா இருக்கு."

அவள் கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். கால்கள் தாமாக நடந்தன. நேரமாகிவிட்டது, கிளம்ப வேண்டும், அதிக நேரம் இருந்துவிட்டோம் என்ற நினைப்பு உள்ளே எழுந்து எழுந்து அவளைத் தள்ளியது. கதவு நிலையைப் பிடித்தாள். நழுவியது. முற்றம் கடந்தது. கிராதி கடந்தது. ரேழி கடந்தது. இசித்ரோ மரக்கதவைத் திறந்துவிட்டான். அதன் பின்னால் துடைப்பம் அவள் வைத்தபடியே நின்றது.

வீதி. வெயில். பின்னால் கிராதி சாத்தும் சத்தம்.

திரும்பி ஓடினாள். வாசற்படியில் கால் நின்றுவிட்டது. யாராவது வா என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் காலை எடுத்து வைக்க முடியவில்லை.

கிராதிக்குப் பின்னால் முற்றத்தில் ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். கறுப்புப் பாவாடை. உயர்ந்த கையில் நாணல் கழி. கை நடுங்கவே இல்லை.

"நான் உள்ள வரணும்," என்றாள் அராசேலி. "என் பொண்ணு உள்ள இருக்கா. தயவுசெஞ்சு கூப்பிடுங்க. ஒரு வார்த்த சொல்லுங்க."

கழி மெதுவாக இறங்கியது. அவள் முற்றத்தைக் கடந்து வந்தாள். அவசரமே இல்லாமல் வந்தாள். கிராதிக்கு அருகில் நின்று, தலையைத் தூக்கி, அராசேலியின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

பார்க்கக் கண் இல்லை. வருஷா வருஷம் பூசிய சுண்ணாம்பு மட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக. அதற்கடியில் மூக்கும் கண்குழியும் மழுங்கிக் கிடந்தன. வாய் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு கோடு தண்ணீர் இறங்கியது.

மரக்கதவு சாத்திக்கொண்டது.

மேலே பாய்த்திரை சரசரத்தது. கந்தேலா! அராசேலி இரண்டு கையையும் உயர்த்தினாள். கந்தேலா கீழே பார்க்கவில்லை. எதிர் ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னடி, போயிட்டாளா?"

"போயிட்டா, கந்தேலா." அது அராசேலியின் குரல். அவளுடைய இழுவை, அவளுடைய சிரிப்பு. "உன் துடைப்பம் தப்பவே இல்ல."

"அதான் சொன்னேன்ல! போய் நிம்மதியாத் தூங்கு."

கந்தேலாவின் பாய்த்திரை இறங்கியது. கொதிக்கும் கல்லில் அராசேலி வெறுமனே நின்றாள். காலடியில் ஏதோ சொட்டியது. மஞ்சள் கவுனின் கரை நனைந்திருந்தது. பிழிந்தாள். மறுபடி நனைந்தது.

மாடி ஜன்னலில் அசாரா வந்து நின்றாள். காதுக்கு மேல் இறுக்கிச் சுற்றிய ஈரப் பின்னல். கீழே நிற்கும் அம்மாவைப் பார்த்தாள். சிரித்தாள். வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும் அசைப்பதுபோலக் கையசைத்தாள். அவள் தோள்மேல், பின்னாலிருந்து, சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கை ஒன்று மெல்ல வந்து அமர்ந்தது. குழந்தை தலையைச் சாய்த்து அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.