மருந்து எடுத்தால் கார் ஓட்டக்கூடாது

"ஆறரை தாண்டிட்டுது பிள்ளை... காரை இன்னும் வெளியில எடுக்கேல்லையோ? பிந்திப் போனா என்ர மெஷினை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்கள்!"

மாமி சிவமணி குசினி வாசலில் கைப்பையோடு நின்றாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கிரான்பர்ன் வீட்டிலிருந்து டண்டினோங் ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸ். கூட்டிப்போவதும் கூட்டி வருவதும் மருமகள் அருந்ததிதான். கணவன் பிரவீனன் ட்ருகனினாவில் வேர்ஹவுஸ் வேலைக்கு விடியுமுன்பே போய்விடுவான். அவன் தங்கை மேனுகாவுக்கு மல்கிரேவில் ஒஃபிஸ். இன்று போல் சனிக்கிழமையானால் இருவரும் வீட்டில்தான், ஆனாலும் கார் ஓட்டுவது அருந்ததியின் வேலை என்று எப்போதோ தீர்ந்துபோய்விட்டது. யார் தீர்த்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது!

"ஓம் மாமி, வாறன்..." என்றாள் அருந்ததி. இடது கையைத் தூக்க முடியவில்லை. மார்பில் ஒப்பரேஷன் செய்து இரண்டு வருடம். புற்றுநோய் போய்விட்டது என்று டொக்டர் சொன்ன அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். அத்தோடு அவள் சுகமாகிவிட்டாள் என்பது வீட்டின் முடிவு. அக்குளிலிருந்து விரல் நுனிவரை இழுக்கும் வலி மட்டும் அந்தக் கேசரிக்குப் பிறகும் போகவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள். பின்சீற்றில் மாமி தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு வருவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலே அறையிலிருந்து மேனுகா தடதடவென்று இறங்கி வந்தாள். நாளைக்கு அவளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சிட்னியிலிருந்து வருகிறார்கள். அண்ணியின் அலுமாரியில் பட்டுச்சேலை தேடப் போனவளின் கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது.

"அண்ணி, what is this? கஞ்சா எண்ணெய் எண்டு போட்டிருக்கு! சேலைக்குள்ள சுத்தி ஒளிச்சு வச்சிருக்கிறீங்கள்!"

மாமியின் கைப்பை நழுவிக் கீழே விழுந்தது.

"என்ன... கஞ்சாவோ?"

"ஓம் அம்மா! இதை எடுத்துப்போட்டுத்தான் உங்களைக் கார்ல ஏத்திக்கொண்டு போறா! நாளைக்கு அவையளுக்குத் தெரிஞ்சா என்ர கலியாணம் என்னாகும்? கஞ்சா அடிக்கிற வீடு எண்டு சிட்னி முழுக்கச் சொல்லமாட்டினமோ!"

அருந்ததி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சோபாவில் போனோடு இருந்த பிரவீனனுக்கு எல்லாம் தெரியும். டொக்டர் போனில் பேசி எழுதிக் கொடுத்த மருந்து அது. அரசாங்கம் ஒரு சதமும் தராத மருந்து. டொக்டருக்கும் எண்ணெய்க்குமாக, அவள் ரோல்ஸும் பற்றிஸும் செய்து விற்றுச் சேர்த்ததெல்லாம் போயிற்று. "வாங்கும், ஆனா அம்மாக்கும் தங்கச்சிக்கும் தெரியவேண்டாம்" என்று சொன்னவனும் அவனேதான். இப்போது அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. வலியைவிட அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"சொல்லும் பிள்ளை... ஏன் பேசாம நிக்கிறீர்? வருத்தக்காரி எண்டு உம்மை நம்பி என்னைத் தந்தவன் என்ர பிள்ளை. என்னைக் கொல்லப் பாத்தனீரோ?" மாமி அழுதே விட்டாள்.

"நான் அதை எடுக்கேல்லை மாமி..."

"பொய்! எடுக்காம ஏன் வாங்கினனீங்கள்?" என்று பாய்ந்தாள் மேனுகா.

"எடுத்தா கார் ஓடக்கூடாது மேனுகா! ரோட்டில பொலிஸ் மறிச்சு நாக்கைத் தடவிப் பாப்பினம். டொக்டர் எழுதித் தந்ததெண்டாலும் லைசென்ஸ் போகலாம். ஒருநாள் எடுத்தா அடுத்தடுத்த நாளும் வாயில காட்டும் எண்டு டொக்டர் சொன்னவர். மாமிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டயலிசிஸ்... நான் எந்த நாளில எடுக்கிறது? நீயே சொல்லு, எந்த நாளில?"

மருந்து வந்து ஒரு மாதமாகிறது. ஒவ்வொரு இரவும் அலுமாரியைத் திறப்பாள். பெட்டியைத் தொடுவாள். விடிந்தால் மாமியைக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்து மூடிவிடுவாள். மருந்தை எடுத்தால் வீட்டோடு கிடக்க வேண்டும், எடுக்காவிட்டால் வலியோடு கிடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு யாரோ போய்விட்டது போல இருந்தது அவளுக்கு.

மாமி பெட்டியை வாங்கிப் போத்தலை வெளியே எடுத்தாள். தினம் பத்து மருந்துப் போத்தல் திறக்கிற கை அது. மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கேயும் அறவில்லை.

"இது திறக்கவே இல்லையே..." என்றாள் மெல்ல. "எனக்காகவோ பிள்ளை? இவ்வளவு நாளும் வலியோடயோ என்னைக் கொண்டு திரிஞ்சனீர்? ஏனம்மா ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே மாமி..."

மாமி அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். வலித்த தோள் என்று நினைவு வந்து, சட்டென்று கையைத் தளர்த்தி, மறுபடியும் பூப்போல அணைத்தாள். இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

"மேனுகா, நீ காரை எடு! இனி நீயும் அண்ணனும் முறை வச்சு என்னைக் கொண்டு போங்கோ. ஏலாட்டி நான் டாக்ஸியில போறன்."

"அம்மா, நாளைக்கு அவையள் வரேக்க..."

"என்ர மருமகள் வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறா எண்டு நானே சொல்லுறன். அது பிடிக்காத வீட்டில நீ போய் வாழவும் வேண்டாம்!"

மேனுகா அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல், "சொறி அண்ணி..." என்று முனகிவிட்டு வெளியே போனாள். மாமி பின்சீற்றில் ஏற, கார் புறப்பட்டது. ஓட்டுகிற இடத்தில் தான் இல்லாமல் அது போவதை அருந்ததி கண்ணாடி வழியே பார்த்தாள். பஸ் எப்போதாவது வரும் ஊர் இது. இனி கடைக்கும் கோயிலுக்கும் ஒவ்வொருவரையும் கேட்டு நிற்க வேண்டும்.

பிரவீனன் பின்னால் வந்து நின்றான். "என்னை மன்னிச்சுக்கொள்ளும் அருந்ததி... நான் வாய் திறந்திருக்கவேணும்..." என்று விம்மினான்.

அவள் அவனைத் தேற்றவில்லை. போத்தலை அவன் கையில் வைத்தாள்.

"அழுறதைப் பிறகு அழுங்கோ. மூடியைத் திறந்து நாக்குக்குக் கீழ ஊத்திவிடுங்கோ. எனக்குக் கை தூக்க ஏலாது."