ஈரப் பஞ்சு

டீ கிளாஸ் சுட்டது. அதில் ஃபாயிஸாவுக்குச் சந்தேகமே இல்லை. விருமாண்டி அண்ணன் கடையில் பால் எந்நேரமும் கொதித்தபடிதான் இருக்கும். கிளாஸின் விளிம்பைப் பிடித்து, கை மாற்றி மாற்றித்தான் எல்லாரும் குடிப்பார்கள். அவள் எதையோ யோசித்தபடி முழுக் கையால் பிடித்துவிட்டாள். உள்ளங்கை வெந்தது. வலி முழங்கை வரை ஏறியது. ஆனால் கை மட்டும் விலகாமல் கிளாஸைப் பிடித்தபடியே இருந்தது.

“என்ன தங்கச்சி, சுடலையா?” என்றார் விருமாண்டி.

சுடுதுண்ணே என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல் வருவதற்குள் அவர் அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டார். இன்னொரு கையால் விரல்களைப் பிரித்து எடுத்தபோது உள்ளங்கையில் தோல் சிவந்து பளபளத்தது.

மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படியானால் ஏன் வலித்தது என்று உள்ளுக்குள் ஒன்று கேட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அதன் வாயை அடைத்துவிட்டு நடந்தாள்.

போன வருடம் சிம்மக்கல்லில் டவுன் பஸ் கதவில் அந்தக் கை நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. துப்பட்டா நுனி பட்டாலே தீயை வைத்தது மாதிரி எரியும். டாக்டர்கள் கொடுத்த மாத்திரையில் தூக்கம்தான் வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், விளாங்குடி தாண்டி அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தில், நரம்பு வலிக்குத்தான் எலிகளிடம் புது மருந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். உன்னையும் ஒரு கூண்டில் போட்டுவிடலாமா என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டலடிப்பார்கள்.

கிண்டலடிக்காதவள் முத்துமீனா ஒருத்திதான். அந்த எலி அறைக்கு அவள்தான் பொறுப்பு. தினமும் கையைப் பற்றி விசாரிப்பாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுப்பாள். ஒருநாள் பெயர் ஒட்டாத சின்ன மாத்திரை பாட்டில் ஒன்றை ஃபாயிஸாவின் பைக்குள் வைத்தாள்.

“நம்ம எலிக்குக் கொடுக்கிறதுதான். நானே போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் பண்ணலை. ஆபீஸ்ல மட்டும் மூச்சு விட்றாத.”

முதல் மாத்திரையிலேயே எரிச்சல் குறைந்தது, சில நாளில் அடங்கியே விட்டது. ஃபாயிஸா முத்துமீனாவின் தோளில் சாய்ந்து அழுதாள். கூடப் பிறந்தவளிடம்கூட அவள் அவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை. சர்க்கரை நோயில் பாதம் எரிந்து, வாளித் தண்ணீரில் காலை விட்டபடி உட்கார்ந்திருக்கும் அம்மா சபியாவும், “எனக்கும் அந்த மாத்திரையைக் கேளேண்டி” என்று பிடித்துக்கொண்டாள். இந்தச் சோதனை முழுதாக முடியட்டும் அக்கா, அம்மாவுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று ஃபாயிஸா சொல்லியிருந்தாள். சரி என்று முத்துமீனாவும் தலையாட்டியிருந்தாள்.

எலி அறைக்குள் மதியத்திலும் இரவுதான். எலிகள் இருட்டில்தான் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால், ராத்திரி முழுக்க வெள்ளை விளக்கை எரியவிட்டு, பகலில் அணைத்து, வேலை பார்ப்பதற்கு மட்டும் சிவப்பு பல்ப் ஒன்று போட்டிருப்பார்கள். வெளியே திண்டுக்கல் ரோட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, ஃபாயிஸா இரண்டு கதவுகளைத் தாண்டி அந்தச் சிவப்புக்குள் போனாள். உமி வாடை, மூத்திர வாடை, அதற்கு மேல் ஸ்பிரிட் வாடை. இடது பக்கம் மருந்து கொடுக்காத எலிகள் கொறிக்கிற சத்தம், கம்பியைக் கடிக்கிற சத்தம், கீச்சுச் சத்தம். வலது பக்கம், மருந்து கொடுத்த வரிசையில், எதுவுமே இல்லை. இத்தனை நாளும் அதை நிம்மதி என்று நினைத்திருந்தாள். இன்றைக்குத்தான் குனிந்து பார்த்தாள். வைத்த தீனி வைத்தபடியே இருந்தது.

முத்துமீனா இன்னும் வரவில்லை. அதுவே அதிசயம். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, வலது வரிசை எலிகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, ஈரப் பஞ்சால் முகம் துடைத்துவிடுவாள். “பிள்ளைகளுக்கு மொகங் கழுவ வேணாமா?” என்பாள். எலிக்குத் தாய் என்று அவளுக்குப் பட்டப்பெயரே உண்டு.

ஃபாயிஸா தனியாகவே தொடங்கி, வலது வரிசையிலிருந்து ஓர் எலியை எடுத்தாள். காலின் நரம்பைக் கட்டி வலி உண்டாக்கப்பட்ட எலி அது. கம்பி வலை மேல் விட்டு, அடியிலிருந்து நைலான் இழையால் பாதத்தைக் குத்த வேண்டும். வலித்தால் காலை இழுக்கும். இழுக்காவிட்டால் மருந்து ஜெயித்தது. இருப்பதிலேயே தடித்த இழையை எடுத்து அழுத்தினாள். கால் அசையவில்லை. ஆனால் வயிறு ஏறி ஏறி இறங்கியது. உடம்பு முழுக்க மெல்லிய நடுக்கம். அவளுக்கு டீ கிளாஸ் நினைவுக்கு வந்தது.

பகலில் அந்த அறையில் வெள்ளை வெளிச்சம் கூடாது. அது முத்துமீனாவின் சட்டம். ஃபாயிஸா போனை எடுத்து டார்ச்சைப் போட்டாள்.

வெள்ளை எலியின் முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது.

கண்ணிலிருந்து மூக்கு வரை, மீசை வரை, சிவப்பாக வழிந்து காய்ந்திருந்தது. அடுத்த கூண்டில் டார்ச்சை அடித்தாள். அங்கேயும். அதற்கடுத்ததிலும். வரிசை முழுக்க. இடது பக்கம் திருப்பினாள். அங்கே ஒன்றிரண்டில் லேசான கறை, அவ்வளவுதான். வேதனை தாங்காத எலிக்குச் சிவப்பாகக் கண்ணீர் வரும். இந்த வேலைக்கு வந்தவர்கள் முதலில் படிக்கிற பாடம் அது. சிவப்பு பல்பின் கீழ் அந்தக் கண்ணீர் தெரியாது என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. தினமும் துடைத்திருக்கிறாள்.

வலி போகவே இல்லை. முதலில் கொஞ்ச நாள் போயிருக்கலாம். அப்புறம் திரும்பி வந்து, காலை இழுக்கவும் கத்தவும் முடியாத உடம்புக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அடிப்பாவி. அக்கா அக்கா என்று உன் தோளிலா சாய்ந்தேன்! அம்மாவிடம் உடனே சொல்ல வேண்டும். அந்த மாத்திரையைக் கேட்காதே, தொடாதே என்று சொல்ல வேண்டும்.

விரல் போனில் படவில்லை.

மறுபடி முயன்றாள். விரல் அசையவில்லை. அப்போதுதான் கையில் எரிச்சல் தொடங்கியது. பழைய எரிச்சல். பஸ் கதவு மூடிய அன்றைய எரிச்சல்.

பின்னால் கதவு திறந்தது.

“லைட்டு போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல தங்கம்.” முத்துமீனா போனை மெதுவாக வாங்கி டார்ச்சை அணைத்தாள். அவள் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். “ஒங்க வீட்டுக்குத்தான் போயிட்டு வாரேன். பாவம், அம்மா எம்புட்டு நாளா கேக்குறாங்க. நீதான் அனுப்புனன்னு சொல்லிக் கொடுத்துட்டேன்.”

கத்தினாள் ஃபாயிஸா. சத்தம் வரவில்லை.

“நானே போட்டுப் பாத்தேன்னு சொன்னேன்ல. போடலை. எலிக்குச் சரியாப்போச்சுன்னா யாரு நம்புவா? மனுசக் கை ஒண்ணு வேணும்ல ஃபாயி.”

வெந்த உள்ளங்கையை விரித்து, தடித்த இழையால் குத்தினாள். தலைக்குள் பளீரென்றது. கை விலகவில்லை.

“வலிக்குதா?”

காத்திருந்தாள். மறுபடி குத்தினாள்.

“பாத்தியா. சுத்தமா இல்ல.”

போன் அடித்தது. முத்துமீனா ஸ்பீக்கரில் போட்டாள். சபியாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“ஃபாயிஸா, எரிச்சல் கொறைஞ்ச மாதிரி இருக்கும்மா! காலைத் தரையில ஊண்டி நடக்குறேன். அந்தப் பிள்ளைக்குத் துஆ செஞ்சுக்கிட்டே இருக்கேன். ராத்திரிக்கும் ஒண்ணு போடவா? ஃபாயிஸா?”

வேண்டாம். வேண்டாம்மா. வேண்டாம்.

“அவ கை வேலையா இருக்காம்மா,” என்றாள் முத்துமீனா. “போடச் சொல்றா.”

போன் அடங்கியது. இடது வரிசையில் ஓர் எலி கீச்சிட்டது. ஃபாயிஸாவின் கண்ணிலிருந்து ஏதோ வழிந்தது. கண்ணீர் இப்படிக் கெட்டியாக இருக்காது. கன்னத்தில் ஒட்டி, மெதுவாக, மூக்கோரமாக இறங்கியது.

முத்துமீனா பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். ஃபாயிஸாவின் முகத்தை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

“பிள்ளைகளுக்கு மொகங் கழுவ வேணாமா?”

துடைத்தாள். பஞ்சைத் திருப்பிப் பிடித்து மறுபடி துடைத்தாள். சிவப்பு விளக்கின் கீழே பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.