7.42-க்கு எடுத்த படம்

காலை 8.22.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. எண்ணி முடித்ததும் அவள் குனிந்து அப்பாவின் வாயில் இரண்டு முறை ஊதினாள். மறுபடி உள்ளங்கைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். தெருவுக்கு எதிர்ப்பக்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. வருஷத்துக்கு ஒருமுறை இதே காரியத்தை ஒரு ரப்பர் பொம்மை மேல் செய்து காட்டிச் சான்றிதழ் வாங்குவாள். அந்தப் பொம்மை சட்டைப்பையில் நாலு பென்சில் வைத்திருக்காது.

"போதும்மா" என்றார் ஆம்புலன்ஸில் வந்த டாக்டர்.

அவள் நிறுத்தவில்லை. மூன்றாம் முறை சொன்னபோது டாக்டர் அவள் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டார்.

தலைக்கு மேலே, நூறு வருஷப் பழசான ஜெர்மன் சண்டை விமானத்தின் இரட்டை இறக்கைகள். கீழே, சிமெண்டுத் தரையில் அப்பா. பின்மண்டையில் அடி. இரண்டடி தள்ளி, இறக்கைச் சட்டங்களை இறுக்கிப் பிடிக்க வைக்கிற இரும்புக் கவ்வி ஒன்று கிடந்தது. அதன் முனையில் நரைமுடி ஒட்டியிருந்தது. 

யாரோ அவள் தோளைத் தொட்டுத் தூக்கினார்கள். சிவப்பு ஸ்வெட்டர் போட்ட கை. நிமிர்ந்து பார்த்தாள். மியூசியத்தின் காப்பாளர். அப்பாவோடு இருபது வருஷப் பழக்கம். சொந்தமில்லை, ஆனாலும் சின்ன வயதிலிருந்து சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"வா கண்ணு, இங்க உக்காரு" என்றார் சித்தப்பா.

சுவரோரம் அவள் கணவன் நின்றிருந்தான். பழைய விமானங்களைச் சீர்செய்கிற இந்த மியூசியப் பட்டறையின் பெயிண்டர். எட்டேகாலுக்கு அவளுக்கு போன் செய்தவன் அவன்தான். பின்கட்டில் பெயிண்ட் கலக்கிவிட்டு எட்டுப் பத்துக்கு உள்ளே வந்தானாம், மாமனார் இப்படிக் கிடந்தாராம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவை மியூசியத்தில் பட்டை சார் என்பார்கள். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் விமானிகள் ஆளுக்கொரு அடையாளத்தைத் தங்கள் விமானத்தில் வரைந்துகொண்டார்கள். ஒருவருக்குப் பட்டை, ஒருவருக்கு நட்சத்திரம், ஒருவருக்கு இதயம். வானத்தில் இவன் நம்ம ஆள் என்று கூட்டாளிகளுக்குத் தெரிய வேண்டுமே. விமானங்கள் போய்விட்டன. மிஞ்சியது கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். அதில் இருக்கும் பட்டை நிஜத்தில் என்ன நிறம் என்று தேடுவதுதான் அப்பாவின் முப்பது வருஷ உழைப்பு. ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று வீட்டில் கேட்டால்கூட ஆதாரம் இருக்கிறதா என்பார்.

8.55.

இன்ஸ்பெக்டர் வந்தார். குரல் உயர்த்தாத மனிதர். வாசல் காவலாளியிடமிருந்து தொடங்கினார். அப்பா ஏழு மணிக்கு, பெயிண்டர் ஏழரைக்கு, காப்பாளர் ஏழு முப்பத்தைந்துக்கு உள்ளே போனார்கள். வேறு ஈ காக்கை நுழையவில்லை என்று காவலாளி அடித்துச் சொன்னார்.

ஆக, இரண்டே பேர். மாடி அறையைவிட்டு இறங்கவில்லை என்றார் காப்பாளர். எட்டுப் பத்துக்கு முன்னால் பட்டறைக்குள் காலே வைக்கவில்லை என்றான் அவள் கணவன்.

காவலாளிக்கு இன்னொன்றும் ஞாபகம் இருந்தது. நேற்று மாலை பட்டறையில் மாமனாருக்கும் மருமகனுக்கும் பெரிய சண்டை. இத்தனை நாள் வாயைத் திறக்காம இருந்துட்டியே என்று பட்டை சார் கத்தினாராம்.

"என்ன சண்டை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"குடும்ப விஷயம் சார்."

"என்ன குடும்ப விஷயம்?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.  அந்தக் குடும்பத்தில் இருப்பது மூன்றே பேர். அவளுக்குத் தெரியாமல் அப்படி ஒரு விஷயம் எங்கிருந்து வந்தது?

9.20.

முக்காலியின் மேல் இருந்த பழைய பெட்டிக் கேமராவை இன்ஸ்பெக்டர்தான் கவனித்தார். அது அப்பாவின் தினசரிச் சோதனை. ஒரு பலகையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஆறு பட்டைகள் அடித்து, ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் பெயர் எழுதி, அந்தக் காலத்து முறையில் தயாரித்த கண்ணாடித் தட்டில் படம் எடுப்பார். பிறகு பழைய விமானப் படங்களோடு ஒப்பிடுவார். கேமராவுக்குள் படம் எடுத்த தட்டு ஒன்று அப்படியே இருந்தது. அதன் உறையில் அப்பாவின் கையெழுத்தில் இன்றைய தேதி, 7.42.

கழுவித் தர ஆள் வேண்டுமா என்று காப்பாளர் தானாகவே முன்வந்தார். அப்பாவின் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டார். இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே நிற்க, தட்டைக் கழுவி, காகிதத்திலும் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்.

10.30.

படம் ஈரமாக மேஜைக்கு வந்தது. முன்னால் வண்ணப் பலகை. அதை ஒட்டி ஓர் ஆள். இருபது விநாடி திறந்திருக்கும் கேமரா அது. ஆள் தலையை ஆட்டிப் பேசியிருக்கிறான் போல, கழுத்துக்கு மேல் வெறும் புகை. உடம்பு மட்டும் துல்லியம். மார்பிலிருந்து இடுப்பு வரை கருகரு என்று கறுப்பு.

இன்ஸ்பெக்டர் அவள் கணவனைப் பார்த்தார். பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் மியூசியம் கொடுத்த கறுப்பு டீ ஷர்ட் அவன் உடம்பில் இருந்தது.

"நீங்க இருபது வருஷமா இந்தப் படங்களோட இருக்கறவர். இது கறுப்புச் சட்டைதானே?" என்று காப்பாளரைக் கேட்டார்.

"அதுல என்ன சந்தேகம் சார்? கறுப்புதான்."

வண்டி வாசலுக்கு வந்தது. கணவன் கான்ஸ்டபிளுக்குப் பின்னால் நடந்தான். கத்தவில்லை, மறுக்கவில்லை, அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. காலையில் அப்பா போனார். இப்போது அவனும். அப்பாவைக் கொன்றவனோடு மூன்று வருஷம் குடித்தனம் நடத்தினோமா? அந்த எண்ணமே நெஞ்சில் ஆணி அடித்தது போலிருந்தது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். படத்தைப் பார்த்தாள். அழுதுகொண்டே பார்த்தாலும் அவள் கண் வேலைக்குப் பழகின கண். எக்ஸ்ரே படத்தில் யாரும் நிறம் தேடுவதில்லை. எது கதிரைத் தடுத்தது, எது விட்டது என்பதுதான் அங்கே வெள்ளையும் கறுப்பும். அப்படியானால் இந்தத் தட்டு எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை?

படத்தில் இருந்த பலகையை முதல் பட்டையிலிருந்து வரிசையாகப் பார்த்தாள். பிறகு சுவரோரம் நிஜமாகவே நின்ற பலகையைப் பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள். 

"சார், வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. அவரை ஒரு நிமிஷம் உள்ள கூட்டிட்டு வாங்க."

11.05.

கணவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் அவன் மார்பைச் சுட்டிக் காட்டினாள். கறுப்பு டீ ஷர்ட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மியூசியத்தின் பறவைச் சின்னம், வெளிர்நீலத்தில்.

"படத்துல இந்தப் பறவை எங்க சார்?"

பழைய கேமரா, துவைத்துத் துவைத்து மங்கின நீலம், விழுந்திருக்காது என்றார் இன்ஸ்பெக்டர். அவரும் அதை யோசித்து வைத்திருந்தார்.

"பலகையில அப்பா பென்சில்ல எழுதினதுகூடப் படிக்க முடியுது. அப்புறம், நீலப் பட்டை எங்கன்னு பாருங்க."

இன்ஸ்பெக்டர் தேடினார். நீலம் என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலே இருந்தது கிட்டத்தட்ட வெள்ளை. பக்கத்து வெள்ளைப் பட்டைக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே சிரமமாக இருந்தது.

"இந்தத் தட்டுல நீலம் வெள்ளையாத்தான் விழும். இவர் அங்க நின்னிருந்தா நெஞ்சுல பளிச்சுனு ஒரு வெள்ளைப் பறவை இருந்திருக்கணும். நின்னது இவர் இல்ல."

"அப்போ வேற கறுப்புச் சட்டையா?"

"கறுப்பா எத்தனை பட்டை இருக்கு, எண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் விரல் வைத்து எண்ணினார். கறுப்பு என்று எழுதிய பட்டை கறுப்பு. சிவப்பு என்று எழுதிய பட்டையும் அதே கறுப்பு.

"சிவப்பு விளக்குலதானே கழுவினாங்க? வெளிச்சம் பட்டும் தட்டு ஏன் கெட்டுப்போகல? இதுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது சார். சிவப்பா எது நின்னாலும் இதுக்கு இருட்டுதான்."

  இருபது வருஷப் பழக்கமான ஒரு விளிச் சொல் அவள் நாக்கில் நின்றது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"காலையில இந்தக் கட்டடத்துக்குள்ள சிவப்பா துணி போட்டிருந்தது ஒரே ஆள்தான்."

எல்லோரும் காப்பாளரின் ஸ்வெட்டரைப் பார்த்தார்கள். அவரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டார், இப்போதுதான் யாரோ மாட்டிவிட்டது போல.

"இந்தக் கலர் விஷயம் உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் இப்போதும் உயரவில்லை.

காப்பாளர் உதட்டை நனைத்துக்கொண்டார். "தெரியும்."

"கறுப்புச் சட்டையான்னு கேட்டேன். சந்தேகமே இல்லன்னீங்க."

 கான்ஸ்டபிள் நகர்ந்து வாசலை அடைத்து நின்றார். தட்டு உள்ளே இருப்பது தெரியாமல் போய்விட்டது, தெரிந்தபோது போலீஸ் கையில் இருந்தது, கழுவிப் பார்த்தால் அதுவே தன்னைக் காப்பாற்றும் போலிருந்தது என்று காப்பாளர் பிறகு வாக்குமூலத்தில் சொன்னார். அடிக்க வேண்டும் என்று வரவில்லையாம். எவ்வளவு கெஞ்சியும் இருபது வருஷச் சிநேகிதன் கேட்கவே இல்லை, முதுகைத் திருப்பிக்கொண்டான் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

11.40.

காரணம் அப்பாவின் மேஜையில் இருந்தது. யுத்தத்தில் பறந்த ஒரு ஜெர்மன் விமானியின் அண்ணன் எழுதிய கடிதத்தின் நகல். போன வாரம்தான் வந்திருக்கிறது. அம்மாவுக்குப் பிடித்த நிறம் என்று தம்பி தன் விமானத்தில் சிவப்பு நட்சத்திரம் வரைந்துகொண்டான் என ஒரு வரி. அதன் கீழ் அப்பா பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது அதே விமானத்தின் பக்கவாட்டுத் துணி. காப்பாளர் கண்டெடுத்ததாக உலகமே நம்பிய துணி. அவருக்குப் பேரும் பதவியும் வாங்கிக் கொடுத்தது அதுதான். துணி நிஜமாகவே அந்தக் காலத்தது, அந்த ஜெர்மன் விமானங்களுக்குப் போர்த்துகிற மாதிரி அறுகோணக் கட்டங்கள் அச்சிட்டது. அதன் மேல் பெரிதாக ஒரு நட்சத்திரம். கறுப்பு.

இன்ஸ்பெக்டருக்கு இப்போது விளக்கம் தேவைப்படவில்லை. புகைப்படத்தில் கறுப்பாகத் தெரிந்ததை யாரோ கறுப்பாகவே வரைந்திருக்கிறார்கள். அப்பா அதை இன்று காலை காப்பாளரிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

"வரைஞ்சது நீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

விலங்கு மாட்டின கையோடு காப்பாளர் சிரிக்க முயன்றார். "எனக்குப் பிரஷ் பிடிக்கவே தெரியாது சார்."

சொல்லிவிட்டு அவள் கணவனைப் பார்த்தார்.

அவள் அப்போதுதான் கணவன் பக்கம் நகர்ந்து அவன் கையைப் பிடித்திருந்தாள். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் இடைமறித்தான்.

"கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்றான். தரையைப் பார்த்துப் பேசினான். "மாதிரிக்குன்னுதான் வரையச் சொன்னாரு. போட்டோவப் பாத்து அப்படியே போட்டேன். பெட்டியில வச்சு அசல்னு எழுதினப்புறம் சொல்லப் பயமாப் போச்சு. நேத்து மாமா கண்டுபிடிச்சிட்டாரு, என் கை வேலைன்னு."

அவள் கையை விடவில்லை. விட வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ராத்திரி போன் பண்ணாரு. உன் பேரு வெளிய வராம நான் பேசிக்கறேன் மாப்பிள்ளை, எம்பொண்ணுக்குத் தெரிய வேணாம்னாரு. அதுக்காகத்தான் இன்னைக்கு, யாரும் வர்றதுக்கு முன்னாடி, தனியா காப்பாளரைப் பட்டறைக்கு வரச் சொன்னாரு."